மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர்: முதல் தடவை போகிறவர்களுக்கு நான்கு நாள் வழிகாட்டி

சிங்கப்பூர் சின்ன ஊர்தானே, நாலு நாளில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் பலர் கிளம்புகிறார்கள். கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய 4 மணித்தியாலப் பயணம். ஆனால் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து புறப்படுகிறவர் கட்டுநாயக்கா போய்ச் சேரவே அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். அந்தக் களைப்பைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டால் முதல் நாள் முழுக்க நித்திரையில் போய்விடும். கடைசி நாளோ பெட்டி அடுக்குவதிலும் ஓடுவதிலும் கழியும். ஆகவே எந்த இடங்களைப் பார்ப்பது என்ற பட்டியலைப் பிறகு போடலாம். முதலில் எந்த விமானம், எங்கே தங்குவது என்ற இரண்டையும் முடிவு செய்யுங்கள். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும்.

கடவுச்சீட்டும் பெயரும்

சுற்றுலாவாகப் போகும் இலங்கையருக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. சென்றிறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பி வரும் விமானச்சீட்டு, தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் போதிய பணம் ஆகியவை இருக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர்களுடைய முழு முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்திருங்கள். "மாமா வீட்டில் நிற்பேன்" என்ற பதில் மட்டும் போதாது.

சீட்டுப் போடும்போது நம்மவர்களுக்கு அதிகம் சிக்கல் தருவது பெயர்தான். நமது கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் குடும்பப்பெயர் இடத்திலோ மற்றப் பெயர்களோடோ வந்திருக்கும். ஏஜென்சிக்காரர் அதைச் சுருக்கி முதலெழுத்து மட்டும் போட்டுவிட்டால் விமான நிலையத்தில் நின்று திருத்த வேண்டிவரும், அதற்குக் காசும் கேட்பார்கள். கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தில் கீழே, அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அதில் மேல் வரியில் இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப்பெயர், பின்னால் இருப்பவை மற்றப் பெயர்கள். அதை அப்படியே பார்த்து எழுதச் சொல்லுங்கள். காசு கட்டுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரசாங்க ஊழியர்களும் ஆசிரியர்களும் வெளிநாட்டு விடுமுறை அனுமதியைப் பயணத்துக்கு நன்றாக முன்னரே எடுத்துவிட வேண்டும். கோப்பு மேசை மாறி மாறிப் போகும் வேகம் எல்லோருக்கும் தெரியும். இளம் வயதினர் தனியாகப் போனால், வேலைக்குப் போகிறீர்களா என்று கட்டுநாயக்காவிலேயே கேட்கலாம். திரும்பும் சீட்டு, விடுதிப் பதிவு, இங்கே செய்யும் தொழிலுக்கான கடிதம் மூன்றும் ஒரே உறையில் கைப்பையில் இருந்தால் அந்த உரையாடல் ஒரு நிமிடத்தில் முடியும்.

விமானத்தைத் தெரிவு செய்வது

வியாழன் காலை இறங்கி ஞாயிறு திரும்புவது கிழக்கிலிருந்து போகிறவருக்குப் பொருந்தி வரும். லிட்டில் இந்தியாவில் ஞாயிறு பின்னேரம் தோளோடு தோள் உரசும் கூட்டம் இருக்கும். வாரம் முழுக்க உழைத்த தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. கடைத்தெரு வேலையை வியாழனே முடித்துவிட்டால் உங்களுக்கும் நெருக்கடி இல்லை.

நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானங்களில் திகதியைக் கவனிக்க வேண்டும். சீட்டில் 15ஆம் திகதி 00:50 என்று போட்டிருந்தால், நீங்கள் 14ஆம் திகதி இரவு 9:50க்கு முன் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் முந்திய இரவே போய்விட்டது என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கையால் ஒரு தாளில் "14 காலை வீட்டிலிருந்து புறப்பாடு" என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து காலை ரயிலில் போனால் பின்னேரம் கொழும்புப் பக்கம் சேரலாம். கோட்டை வரைக்கும் போகத் தேவையில்லை. ராகமயில் ரயில் நிற்குமென்றால் அங்கே இறங்கி வாடகைக் காரில் கட்டுநாயக்கா போவது கிட்ட. ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை அந்தக் கிழமையே ஸ்டேசனில் கேளுங்கள். மின்னேரியா, கல்லோயாப் பகுதியில் யானை குறுக்கே வந்தால் தாமதம் வரும் என்பதால், ரயில் சேரும் நேரத்துக்கும் விமான நிலையத்தில் நிற்க வேண்டிய நேரத்துக்கும் இடையில் 4 மணித்தியாலமாவது இடைவெளி வையுங்கள். கோட்டைக்கே போய்விட்டால் 187ஆம் இலக்க பஸ் விமான நிலையப் பக்கம் போகும்.

கார்த்திகை தொடங்கித் தை வரை இந்தக் கணக்கு செல்லாது. பெருமழைக்கு மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதியை மூடும், ரயிலும் நிற்கும். கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து மகியங்கனை வழியாகப் போகிறவர்களுக்குப் பதினெட்டு வளைவிலும் அதற்கு மேலும் மண்சரிவுப் பயம். அந்த மாதங்களில் ஒரு நாள் முந்திப் போய் நீர்கொழும்பிலோ சீதுவையிலோ தங்குங்கள். ஒரு இரவு அறை வாடகை, தவறவிட்ட விமானச்சீட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. காலை 7, 8 மணி விமானம் என்றால் எந்த மாதமானாலும் இதே ஏற்பாடுதான். இரவு பஸ்ஸை நம்பி அதிகாலையில் போய் நிற்கலாம் என்று துணியாதீர்கள். ஆறேழு பேர் சேர்ந்து போவதானால் வீட்டு வாசலிலிருந்தே வேன் பிடிப்பது, ஆளுக்குப் பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

திரும்பும் விமானம் கட்டுநாயக்காவில் பின்னேரம் இறங்குவதாக இருந்தால் அன்றிரவே ஊருக்குப் பஸ் எடுக்கலாம். நள்ளிரவில் இறங்குவதென்றால் விடியும்வரை கதிரையில் குந்தியிருக்க வேண்டும். விலையில் சிறிய வித்தியாசம்தான் என்றால் பின்னேரம் இறங்குவதையே எடுங்கள்.

நீலப் பாதையில் தங்குங்கள்

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் நீல நிறத்தில் ஓடும் டவுன்டவுன் பாதையைத் தேடுங்கள். முதல் தடவை போகிறவர் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பகுதி அதன்மேல் இருக்கிறது: லிட்டில் இந்தியா, சைனாடவுன், மரினா பே பக்கத்துக்கான பேஃபிரன்ட், பொட்டானிக் கார்டன்ஸ். ஆகவே ஜாலான் புசார், ரோச்சோர், லிட்டில் இந்தியா ஆகிய நிலையங்களில் ஏதாவதொன்றிலிருந்து 7 நிமிட நடைக்குள் அறை எடுங்கள். 20 டொலர் மலிவு என்று தூரத்தில் எடுத்தால், மத்தியானம் ஒரு மணித்தியாலம் வந்து சாய்ந்து எழும்பும் வசதி போய்விடும். அந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மத்தியான ஓய்வு அவசியம்.

இரண்டு பேருக்கான சாதாரண அறை ஒரு இரவுக்கு 90 முதல் 140 சிங்கப்பூர் டொலர் வரை போகும். பதிவு செய்யும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, ஜன்னல் உண்டா என்பது. மலிவு அறைகள் பல ஜன்னல் இல்லாதவை, அதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். இரண்டு, குளியலறை அறைக்குள்ளேயா வெளியேயா. மூன்று, விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா. இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டி வரியும் மேலதிகம் என்று பொருள். உணவகப் பட்டியலிலும் இதே குறிதான். மூன்று பேர் ஒரு அறையில் நிற்பதானால் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு மூன்றாவது ஆளை ஒளித்துக் கூட்டிப்போக அங்கே இடமில்லை.

புறப்படும் கிழமையில்

வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் இணையத்தில் எஸ்ஜி அரைவல் கார்ட் என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். 15ஆம் திகதி இறங்குகிறீர்கள் என்றால் 13ஆம் திகதியிலிருந்து நிரப்பலாம். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப்பதிவு. சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையமான ஐசிஏயின் தளத்திலோ மைஐசிஏ செயலியிலோ இது முற்றிலும் இலவசம். கூகிளில் தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்கள் இதற்குக் காசு அறவிடும், அவற்றுக்குள் போகாதீர்கள். மின்னஞ்சல் முகவரியைப் பிழையில்லாமல் எழுதுங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இப்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனையாம் திகதி வரை தங்கலாம் என்ற அனுமதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

வங்கியில் போய் உங்கள் அட்டையை வெளிநாட்டில் பாவிக்கத் திறந்துவிடச் சொல்லுங்கள். அடுத்தது போன். வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கம் இலங்கை சிம்முக்குத்தான் வரும். ஆகவே ரோமிங்கைக் குறுஞ்செய்தி பெறும் அளவுக்காவது திறந்து வையுங்கள். அங்கே இறங்கியதும் சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பிறகு காசு கட்ட முடியாமல் நிற்பது அடிக்கடி நடப்பது. இரண்டு சிம் போடும் போனும் தரவுக்கு ஒரு ஈசிம்மும் இருந்தால் பிரச்சினையே இல்லை. வாடகைக் கார் பிடிக்கும் கிராப் செயலியை ஊரிலேயே பதிவு செய்து அட்டையைச் சேர்த்துவிடுங்கள்.

சுவிச் பிளக் அங்கே மூன்று தட்டையான சதுர முள். நமது பழைய வீடுகளில் இருக்கும் உருண்டை முள் சார்ஜருக்குப் பொருத்தி தேவை. இங்கேயே மின்சாதனக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் என்ன போகக்கூடாது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள், ஏனென்றால் அன்பாகப் பொதி கட்டித் தருவது அவர்கள்தான். வெற்றிலையோடு போடும் புகையிலை தடை. சூயிங்கம் தடை. இலத்திரனியல் சிகரெட் கையில் வைத்திருப்பதே குற்றம். சாதாரண சிகரெட்டுக்கு வரிவிலக்கு இல்லை, ஒன்று இருந்தாலும் அறிவிக்க வேண்டும். கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், ஆகவே கசகசா சேர்த்து அரைத்த மசாலாத்தூளையும் விட்டுவிடுங்கள். இறைச்சி வகை எதுவும் வேண்டாம். போதைப்பொருளுக்கு மரணதண்டனை வரை உண்டு. "அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்" என்று யார் தந்தாலும், உங்கள் கண்ணால் பிரித்துப் பார்க்காத பொதியை எடுக்கவே கூடாது.

செலவுக் கணக்கு

இரண்டு பேர் ஒரு அறையில் நிற்பதாக வைத்து ஓராளுக்குப் பாருங்கள். 3 இரவு, நாளுக்கு 120 டொலர் அறையில் பாதி என்றால் 180. சாப்பாடு நாளுக்கு 25 வீதம் 100. ரயிலும் பஸ்ஸும் நாளுக்கு 8 வீதம் 32. சிம்முக்கு 15. பெரிய இடம் ஒன்றுக்கான நுழைவு 50. மொத்தம் 377. 400 சிங்கப்பூர் டொலரை வைத்துக்கொண்டு, கடைச்சாமானுக்கும் விமானத்துக்கும் தனியாகப் பாருங்கள். ரூபாயை அங்கே கொண்டுபோய் மாற்றினால் விலை மோசமாக அடிபடும். வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையிலோ கடவுச்சீட்டும் விமானச்சீட்டும் காட்டி இங்கேயே சிங்கப்பூர் டொலராக எடுங்கள். அங்கே அட்டையில் கட்டும்போது "ரூபாயிலா, சிங்கப்பூர் டொலரிலா" என்று இயந்திரம் கேட்டால் டொலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் கடையின் இயந்திரம் தன் விருப்பப்படி மாற்று விலை போடும்.

வியாழன்: இறங்கி நகருக்குள்

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. விமானத்திலிருந்து வெளியே வந்ததும் "டிரெயின் டு சிட்டி" என்ற பலகையைப் பின்தொடருங்கள். நிலையம் 2ஆம், 3ஆம் முனையங்களுக்கு நடுவில் இருக்கிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டும் ஈஸி-லிங்க் அட்டையை அங்கே வாங்கலாம். 10 டொலர் கொடுத்தால் அதில் 5 டொலர் அட்டையின் விலை, மற்ற 5 டொலர் பயணத்துக்கு. தொடாமல் கட்டும் வங்கி அட்டையையும் நேரே தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டை என்றால் பாவிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சதம் கூடுதலாக அறவிடுவார்கள். எதைப் பாவித்தாலும் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. 90 சென்டிமீற்றருக்குக் குறைந்த குழந்தைக்கு இலவசம்.

ஏறி ஒரே ஒரு நிலையம் தாண்டி எக்ஸ்போவில் இறங்குங்கள். கூட்டம் தனாமேராவுக்குப் போகும், நீங்கள் அங்கே போகத் தேவையில்லை. எக்ஸ்போவில் நீலப் பாதைக்கு மாறி, புக்கிட் பாஞ்சாங் திசை ரயிலில் ஏறுங்கள். ஜாலான் புசார் 13ஆவது நிறுத்தம். லிட்டில் இந்தியா என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதுவரை இருக்கத் தேவையில்லை. அந்தப் பாதை சைனாடவுன், பேஃபிரன்ட் என்று வளைந்து சுற்றி, இன்னும் 10 நிறுத்தம் கழித்துத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். ஜாலான் புசாரிலிருந்து சிராங்கூன் சாலைக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும். நகரும் படிகளில் இடப்பக்கம் நில்லுங்கள், வலப்பக்கம் அவசரமாக ஏறுகிறவர்களுக்கு. ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் தண்டம் விழலாம், டொபியும் அப்படித்தான்.

அறை பெரும்பாலும் பின்னேரம் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். பெட்டியை வரவேற்பில் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போங்கள். கோயில்கள் மத்தியானம் நடைசாத்திப் பின்னேரம்தான் திறக்கும் என்பதால் காலைதான் சரியான வேளை. தொழுகைக்குப் போகிறவர்களுக்கு டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசலும், முஸ்தபா கடைத்தொகுதிக்கு அருகே சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளிவாசலும் நடை தூரத்தில் இருக்கின்றன. வெள்ளி ஜும்மாவுக்கு அரை மணி முந்திப் போனால்தான் உள்ளே இடம் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு தேக்கா சென்டர். கீழே சந்தை, அதோடு ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள். மேசையில் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டது, தூக்கி வீசிவிட்டு அமராதீர்கள். சாப்பிட்டு முடிந்ததும் தட்டை எடுத்துப்போய் அதற்கான அடுக்கில் வைப்பது சட்டம், 2021இலிருந்து எச்சரிக்கையும் தண்டமும் உண்டு. ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு, பலகையைப் பார்த்து வையுங்கள். ஹலால் வேண்டுகிறவர்கள் கடையில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் தொங்குகிறதா என்று பாருங்கள். தேத்தண்ணி கேட்பதில் ஒரு முறை இருக்கிறது: "தே" என்றால் ரின்பால் போட்டு இனிப்பாக வரும், "தே ஓ" என்றால் பால் இல்லாமல் சீனியோடு, "தே ஓ கோசோங்" என்றால் வெறும் சாயம். நீரிழிவுக்காரர்கள் கடைசிச் சொல்லை மறக்கக்கூடாது.

பின்னேரம் முஸ்தபா. பின்னிரவு வரை திறந்திருக்கும் என்பதால் அவசரமில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் 100 டொலருக்கு மேல் வாங்கினால் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம், காசு கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

வெள்ளி: சைனாடவுனும் கடலோரமும்

காலை ஜாலான் புசாரிலிருந்து 3 நிறுத்தம், சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், அந்நகரின் மிகப் பழைய இந்துக் கோயில். வெயில் ஏறுமுன் அந்தத் தெருக்களை நடந்துவிட்டு அறைக்குத் திரும்பிப் படுங்கள். பின்னேரம் 5 மணிக்கு மறுபடி புறப்பட்டு பேஃபிரன்டில் இறங்கினால் கார்டன்ஸ் பை த பே. வெளித்தோட்டமும் செயற்கை இராட்சத மரங்களின் அடிப்பகுதியும் இலவசம், கண்ணாடிக் கூடங்களுக்கு மட்டும் சீட்டு. இரவு 7:45க்கும் 8:45க்கும் அந்த மரங்களில் ஒளியும் இசையும் நடக்கும், அதுவும் இலவசம். 7:15க்கே போய்ப் புல்லில் இடம் பிடித்து மல்லாந்து படுத்துப் பாருங்கள். முதல் காட்சி முடிந்ததும் மரினா பே சேண்ட்ஸ் ஊடாக நீர்க்கரைக்கு நடந்தால் 9 மணி நீரூற்று ஒளிக்காட்சிக்கு வசதியாகச் சேரலாம். மழைக்குடை எப்போதும் பையில் இருக்கட்டும், இடி மின்னல் வந்தால் வெளிக்காட்சிகள் நிற்கும்.

சனி: ஒரே ஒரு பெரிய இடம்

மண்டாயில் உள்ள மிருகக்காட்சிசாலையா, செந்தோசாத் தீவா என்று ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் நுழைக்கப் பார்த்தால் இரண்டிலும் வரிசைதான் மிஞ்சும். பிள்ளைகள் இருந்தால் மண்டாய் என்பது எங்கள் கருத்து. காதிப் நிலையத்திலிருந்து அதற்கென்று பஸ் ஓடுகிறது, அறையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வையுங்கள், சீட்டை இணையத்தில் முந்தியே எடுங்கள். செந்தோசா என்றால் லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதாப் பாதையில் 5 நிறுத்தம், ஹார்பர்ஃபிரன்ட். தீவுக்குள் போகும் ரயிலுக்கு 4 டொலர், பாலத்தின் மேல் நடந்துபோனால் இலவசம். கடற்கரைக்காக மட்டும் அங்கே போகத் தேவையில்லை. பாசிக்குடாவைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் செயற்கை மணல் பெரிதாகத் தெரியாது. அங்கே உள்ள விளையாட்டுகளுக்கும் கேபிள் காருக்கும் போகலாம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் முழு நாளையும் எடுக்கும்.

வார இறுதியில் லிட்டில் இந்தியாவில் பொது இடத்தில் மது அருந்துவது சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை தடை. மற்ற இடங்களில் இரவு 10:30க்குப் பிறகு தடை. கூட வருகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

ஞாயிறு: புறப்பாடு

காலையில் நேரம் இருந்தால் கத்தோங்கில் சிலோன் ரோட்டுக்குப் போய் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலைக் கும்பிடுங்கள். இலங்கையிலிருந்து போன தமிழர்கள் வளர்த்தெடுத்த கோயில், சுற்றுலாப் பட்டியல்களில் அதிகம் வராதது. மரீன் பரேட் நிலையத்திலிருந்து நடக்கலாம். கூட்டம் பார்க்கும் நான்கு இடத்தைவிட நம் ஆட்கள் அங்கே கட்டி நிறுத்திய இந்த ஒன்று கிழக்கிலிருந்து போகிறவருக்கு முக்கியம் என்றே நினைக்கிறோம்.

விமானத்துக்கு 4 மணித்தியாலம் முந்தியே சாங்கிக்குப் போங்கள். ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியைப் பார்க்கச் சீட்டு வேண்டாம். பெட்டியைக் காசு கட்டி வைக்கும் இடமும் அங்கே உண்டு. வரி மீளப்பெறும் பொருட்கள் பெரிய பெட்டிக்குள் போவதானால், பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன் அதற்குரிய இயந்திரத்தில் பதியுங்கள். பெட்டி போன பிறகு பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. பெரும்பாலான முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கும், ஆகவே தண்ணீர்ப் போத்தலை அதற்கு முன் காலி செய்யுங்கள். வாசல் மூடும் நேரம் விமானம் புறப்படும் நேரம் அல்ல, அதற்கு முந்தியது. ஏறும் சீட்டில் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து நடங்கள்.